செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அம்மான் நகரம், அஷ்ரஃபியா மலை
9 ஜூன் 1999, புதன்

என் அக்கா நஜ்லா எனக்கென்று விட்டுப்போன ஒரே செல்வம், மருமகள் ரிஹாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும், தோஹாவில் படம் வரைந்தே கட்டடங்களை எழுப்பும் உன் மர்வானும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் எங்கள் சிங்கமும் நலமாக இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். ஆறாவது வேளை இருந்தால் அதிலும் கேட்பேன்.

ஃபோனில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். பாக்தாத் சாலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியதில் என் இடது காதை இன்ஜினுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வலது காதில் விழுவது பாதிதான். பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? கடிதம் என்றால் முழுதாக எழுதலாம். ஆசை தீர எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவம் உன் தாய் வீட்டில்தான். உன் தாய் இல்லை, சரி. வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். மர்வானின் அம்மா இர்பித் பக்கம் தன் கிராமத்துக்கு உன்னைக் கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே என்ன இருக்கிறது? ஒரு கிணறு, நாலு ஒலிவ மரம், ஒரு கழுதை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் ராணி மாதிரி இருக்க வேண்டாமா? உன் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். சுவர் கண்ணைக் கூசுகிறது, பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் திரை போட்டுக்கொள்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம். முன்போலவே செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை குழாயில் விடுகிறார்கள். மார்ச் மாதம் மொட்டைமாடியில் துருப்பிடித்துக் கிடந்த தொட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டோம். நமக்கு ஒன்று, நமக்கு மேல்வீட்டு உம்மு ராயித்துக்கு ஒன்று, இரண்டும் புத்தம் புதிது, ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். பிளம்பர் ஒருவன் வந்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் யோசித்தான். "தள்ளுப்பா, இது என்ன ராக்கெட்டா?" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு தொட்டி, கீழே இறங்குகிற இரண்டு குழாய். பாலைவனத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ரேடியேட்டரைக் கழற்றி மாட்டியவன் நான். இரண்டையும் என் கையாலேயே இணைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த வேலையைப் பார்த்து அசந்துபோய்த்தான் கட்டடத்து மக்கள் மொட்டைமாடிச் சாவியை என் கையில் திணித்தார்கள். இப்போது நான் கதவைத் திறக்காமல் ஒரு புறாகூட அங்கே இறங்காது.

எந்தத் தேதி விமானம் என்று எழுது.

உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த
ஜவ்தத் மாமா


தோஹா
18 ஜூன் 1999

அன்புள்ள மாமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு இறுகிவிட்டது. மர்வான் பயந்துபோய், "இனிமே உங்க மாமா லெட்டர நான் படிச்சிட்டுத்தான் குடுப்பேன்" என்கிறார்.

எனக்கு அம்மாவின் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அந்த ஜன்னல், அந்தப் படி, மேலே உம்மு ராயித்தின் மகள், என் தோழி சௌசன். மர்வானும் சரி என்றுதான் சொல்கிறார். ஆனால் என் மாமியார் ஒரே கேள்வி கேட்கிறார்: "பச்ச ஒடம்புக்காரியையும் கொழந்தையையும் வாரம் ஒரு நாள் தண்ணி வர்ற ஊருக்கு அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்?" அவர் வீட்டு முற்றத்துக்கடியில் கிணறு இருக்கிறது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறதாம்.

மாமா, என் கல்யாணத்தன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "தொட்டி நெறஞ்சு வழியுது, நல்லா தேச்சுக் குளிம்மா" என்றீர்கள். தலை முழுக்க நுரையோடு நிற்கும்போது குழாய் இருமிவிட்டு நின்றது. நீங்கள் கடைக்கு ஓடினீர்கள். இப்போது ஊரெல்லாம், "என் மருமகளை நூறு பாட்டில் சோடாவில் குளிப்பாட்டினேன், எந்த ராஜகுமாரிக்கும் அது வாய்த்ததில்லை" என்று சொல்கிறீர்களாம். மூன்று பாட்டில், மாமா. அதில் ஒன்று எலுமிச்சை. மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் தலையைச் சுற்றி ஈ. இன்றைக்கு எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அதனால் ஒரே ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமை தொட்டி நிரம்பினால், எத்தனையாவது நாள் வறண்டுபோகிறது? ஒரே ஒரு எண் போதும். கதை வேண்டாம். எந்த எண்ணாக இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்
ரிஹாப்


அம்மான்
27 ஜூன் 1999, ஞாயிறு

கேள்வி கேட்கத் தெரிந்த மருமகள் ரிஹாபுக்கு,

எண் கேட்டாய். ஏழு. எழுதிக்கொள்: ஏழு நாள். எட்டாவது நாள் தண்ணீர் விடுகிறவர்களே வந்து, "ஐயா, தொட்டியில் இடம் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டிய நிலைமை.

எப்படி என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் நாலு வேலை பார்க்காமல் கழிவுக்குழாய்க்குள் போகக் கூடாது, அதுதான் என் சட்டம். குளிப்பது பெரிய தொட்டிப் பாத்திரத்துக்குள் நின்றுகொண்டு. அந்தத் தண்ணீரில் தரை துடைக்கிறேன். தரை துடைத்தது கழிப்பறைக்கு. சலவை செவ்வாய்க்கிழமை மட்டும்: ஒரே நுரையில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு கலர், கடைசியில் மிதியடி. அரிசி கழுவினது பால்கனியில் இருக்கும் புதினாவுக்கு. சவரம் ஒரு தேநீர்க் குவளையில். கழிப்பறைத் தொட்டிக்குள் மணல் நிரப்பிய இரண்டு பாட்டிலைப் படுக்க வைத்திருக்கிறேன், இழுக்கும்போதெல்லாம் அந்த அளவு மிச்சம்.

சாப்பாடும் கணக்குப்படிதான். மூன்று தண்ணீர் அலச வேண்டிய முலூகியாக் கீரை செவ்வாய்க்கிழமை மட்டும். வியாழன் வரை சமையல். அதற்குப் பிறகு ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஒலிவக்காய், காகிதத்தில் வைத்துச் சாப்பிட்டால் தட்டே கழுவ வேண்டாம். தட்டு வைத்தாலும் ரொட்டியால் அதை எப்படித் துடைத்து வைக்கிறேன் தெரியுமா? பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறது. விருந்தாளி தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய வேண்டும் என்றால் பள்ளிவாசல் பக்கத்தில்தான் என்று அன்பாக வழி சொல்கிறேன். இதையெல்லாம் கேள்விப்பட்டு மூன்று பொறியாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து குறித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் வெளிநாட்டுக்காரர். கண் கலங்கிவிட்டார்.

இன்னொன்று. குழந்தைக்கென்று தனியாகச் சேர்க்கிறேன். தினமும் குழாயில் பிடித்து, இருபது லிட்டர் கேன்களில். உன் கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கும் கேன். அறுபது கேன் ஆகிவிட்டது! நடக்க வழியில்லை, நான் பக்கவாட்டில்தான் போய்வருகிறேன்.

ஒரு அதிசயமும் சொல்கிறேன். வெள்ளி, சனி வாக்கில் மாடிக்குப் போய் நம் தொட்டியைத் தட்டினால் டங்கென்கிறது. காலி. மனம் உடைந்து கீழே வந்து குழாயைத் திறந்தால், தண்ணீர் கொட்டுகிறது! இமாமிடம் சொன்னேன். "சிக்கனமா இருக்கிறவனுக்கு அல்லாஹ் குடுக்கிற பரக்கத்து, ஜவ்தத்து" என்றார். உன் மாமியாரின் கிணற்றுக்கு இப்படி ஒன்று உண்டா, கேள்.

பெட்டியைக் கட்டு.

உன்
ஜவ்தத் மாமா


தோஹா
7 ஜூலை 1999

அன்புள்ள மாமாவுக்கு,

ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குப் பிறகு விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படியும் அம்மானுக்குத்தான் விமானம், இறங்கிய பிறகு அஷ்ரஃபியாவா இர்பித்தா என்பதுதான் கேள்வி. ஆகஸ்ட் ஆறுக்குள் நான் மாமியாரிடம் பதில் சொல்ல வேண்டும்.

ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பத்தான் ஆசை. ஆனால் சௌசனிடமிருந்தும் கடிதம் வந்தது. மார்ச்சிலிருந்தே அவர்கள் வீட்டில் வெள்ளி, சனியிலேயே குழாய் வறண்டு விடுகிறதாம். பிளம்பர் வந்து சுண்ணாம்பு அடைப்பு என்று சொல்லி எதையோ குத்திவிட்டுப் போனானாம். அவர்கள் ஆறு பேர், அதிலும் அவள் அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, அண்ணியின் இரட்டைக் குழந்தைகள் வேறு. பள்ளிவாசல் குழாயிலிருந்து சுமக்கிறாளாம். தொட்டியைப் பார்க்க உங்களிடம் மாடிச் சாவி கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாடியில என்ன வேல, நான் பாத்துக்கிறேன் போ" என்றீர்களாம். ஏன் மாமா?

நீங்கள் எழுதிய அதிசயமும் என்னை உறுத்துகிறது. ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீடு. அதிலும் தேநீர்க் குவளையில் சவரம். நம் தொட்டி ஏன் காலியாக வேண்டும்? காலியானால் குழாயில் எப்படி வரும்? பரக்கத்தை ஒரு பக்கம் வையுங்கள். தயவுசெய்து மேலே போய் நன்றாகப் பாருங்கள்.

அன்புடன்
ரிஹாப்


அம்மான்
19 ஜூலை 1999, திங்கள்

அறிவுக் கொழுந்தே, ரிஹாப்,

கண்டுபிடித்துவிட்டேன்! நீ எழுதியது என் மூளையில் விளக்கேற்றியது. பரக்கத் கிடையாது, திருட்டு!

உன் கடிதம் கையில் கிடைத்ததும் மாடிக்குப் போனேன். நம் தொட்டியைத் தட்டினேன்: டங். காலி. பக்கத்தில் உம்மு ராயித்தின் தொட்டியைத் தட்டினேன்: தொம். நிறைமாதக்காரி மாதிரி நிறைந்து நிற்கிறது! தங்கள் தொட்டியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நம் தொட்டியை உறிஞ்சிக் குடிக்கிறார்கள். அதோடு தண்ணீர் இல்லை என்று உனக்குக் கடிதம் வேறு.

நான் சத்தம் போடவில்லை. வேட்டைக்காரன் சத்தம் போடுவானா? செவ்வாய்க்கிழமை பதின்மூன்றாம் தேதிவரை காத்திருந்தேன். இரண்டு தொட்டியும் நிரம்பின. சாயங்காலம் நம் தொட்டியின் அடி வால்வை மூடி, அதற்குச் சங்கிலி போட்டு, லாரிக் கதவுக்கு வைத்திருந்த பூட்டைப் போட்டேன். மறுநாள் புதன். தண்ணீர் விட்ட மறுநாளே எந்த வீட்டிலாவது குழாய் வறண்டு கேட்டிருக்கிறாயா? காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். சௌசன்.

"மாமா, எங்க வீட்டுல சொட்டுத் தண்ணி வரலியே, உங்க வீட்டுல வருதா?"

"ஏன் வராது? என் தொட்டி பூட்டி இருக்கு. பூட்டினா திருடனுக்குத்தானே நிக்கும்!"

அவள் புரியாமல் நின்றாள். அல்லது புரியாதது போல. அதற்குள் அவள் அம்மா உம்மு ராயித், அந்த முட்டி வலியோடு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டாள்.

"என்ன சொன்னீங்க ஜவ்தத் அண்ணே? இன்னொரு தடவ சொல்லுங்க, கட்டடமே கேக்கட்டும்."

"கேக்கட்டும்! உங்க தொட்டி நெறஞ்சு நிக்குது, என் தொட்டியப் பூட்டினதும் உங்க குழாய் நிக்குது. இதுக்கு என்ன பேரு?"

"என் தொட்டி நெறஞ்சு நிக்குதா? அப்ப எனக்கு ஏன்யா தண்ணி வரல? சாவியக் குடு, நானே ஏறிப் பாக்கறேன்."

"ஏறி என்ன செய்வீங்க, ரகசியக் குழாயக் கழட்டி ஒளிச்சு வைப்பீங்களா?"

மூன்று மாடியிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் என் பக்கம். பாதி என்ன, முக்கால்வாசி. உம்மு ராயித் தன் தலைத்துணியை இழுத்துக்கொண்டு, படுத்திருக்கும் புருஷன் மேல் சத்தியம் செய்தாள், எந்தக் குழாயும் தெரியாதென்று. "நாலு நாளா அவரத் தொடைக்கக்கூட தண்ணி பத்தாம ஓட்டினேன், உங்ககிட்ட ஒரு கேன் கேக்கல. என்னையப் போயி..." என்று சொல்லி முடிக்காமல் ஏறிப் போய்விட்டாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அவள் புருஷன் அபூ ராயித்தும் நானும் எத்தனை வருடம் ஒரே பலகையில் சொக்கட்டான் ஆடியிருக்கிறோம். ஆனால் ரிஹாப், இங்கே பிறக்கப்போவது உன் பிள்ளை. அவன் குளிக்க வேண்டிய தண்ணீரை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பூட்டைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். ரகசியக் குழாய் எங்கே என்று அவர்கள் வாயாலே சொல்லட்டும்.

பார், பூட்டின பிறகுதான் தொட்டியின் அருமை தெரிகிறது! செவ்வாயிலிருந்து இன்று திங்கள் வரை நம் வீட்டுக் குழாய் ஒரு நிமிடம் நின்றதில்லை. இன்று காலை உன் அறையின் தரையை இரண்டு தடவை கழுவிவிட்டேன். அப்போதும் வேகம் குறையவில்லை!

ஏழு நாள் என்றேனே. எண்ணிக்கொள்.

வெற்றியுடன்
ஜவ்தத் மாமா


தோஹா
23 ஜூலை 1999, வெள்ளி

மாமா,

இது மர்வானின் நண்பர் கையில் வருகிறது. மதிய விமானம். இன்றைக்கே உங்களிடம் சேர்ந்துவிடும். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

நம் தொட்டியின் வால்வைப் பதின்மூன்றாம் தேதி பூட்டினீர்கள். பத்தொன்பதாம் தேதி நம் குழாயில் தண்ணீர் கொட்டியது, தரை கழுவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எந்தத் தொட்டியிலிருந்து, மாமா?

நான் மூன்று முறை படித்துவிட்டேன். திருடன் யாரும் இல்லை. மார்ச்சில் நீங்கள் குழாய்களை மாற்றி மாட்டிவிட்டீர்கள். நம் தொட்டி அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் தொட்டி நம் வீட்டுக்கு வருகிறது. ஆறு பேர் குடிப்பதால் நம் தொட்டி நாலு நாளில் காலி. நீங்கள் ஒருவர் என்பதால் அவர்கள் தொட்டி எப்போதும் நிறைவு. கட்டிலுக்கடியில் எனக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு கேனும் அவர்களுடையது. இப்போது அவர்கள் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது உங்கள் லாரிப் பூட்டு.

சௌசனை ஃபோனில் கூப்பிட்டுப் பேசினேன். அழுதாள். பத்து நாளாக அவள் அப்பாவை ஈரத்துணியால் துடைக்கிறார்கள், முதுகில் புண் வந்துவிட்டது. குழாய் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் பூட்டைத் திறந்துவிட்டு.

அம்மா இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பாள். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. உங்களிடம் நான் கேட்டது ஒரே ஒரு எண்.

ரிஹாப்


அம்மான்
31 ஜூலை 1999, சனி

ரிஹாபுக்கு,

நான்கு.

நீ கேட்டது இதைத்தான். முதலிலேயே எழுதிவிட்டேன், பிறகு எழுதினால் கை வேறு எதையாவது எழுதிவிடும்.

உன் கடிதம் கொண்டுவந்தவர் தாகமென்று தண்ணீர் கேட்டார். குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் படித்தேன்.

அவர் போனதும் சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். உம்மு ராயித்தின் தொட்டி வால்வை மூடினேன். இறங்கி வந்தேன். நம் குழாய் இருமியது, நின்றது. மறுபடி ஏறிப்போய் அதைத் திறந்தேன், என் பூட்டையும் திறந்தேன். மேல்வீட்டில் தண்ணீர் விழும் சத்தமும், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று அந்த இரட்டைப் பிள்ளைகள் கத்துவதும் என் அரைக் காதுக்கே கேட்டது.

கதவைத் தட்டினேன். உம்மு ராயித் சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். சொன்னேன். நான்தான் மாற்றி மாட்டினேன் என்றேன். மார்ச்சில் பிளம்பரைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கட்டிலுக்கடியில சேத்து வச்சிருக்கேன்னு தெருவெல்லாம் சொன்னியே, அந்தக் கேனெல்லாம் மேல வரட்டும். நான் இங்கயே நின்னு எண்ணறேன்" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அவள் கதவிடுக்கில் நின்று எண்ணினாள். பதினொன்றோடு நான் நிறுத்தினேன்.

"மீதி?"

"அவ்வளவுதான்."

"அறுபதுன்னியே?"

"பதினொண்ணுதான்."

உனக்கும் அறுபது என்றுதான் எழுதினேன். பதினொன்று. பொறியாளர்கள் யாரும் வரவில்லை. சோடா மூன்று பாட்டில்.

மறுநாள் பிளம்பரைக் கூப்பிட்டேன், அதே பென்சில்காரன்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. இப்போது குழாய்கள் சரியான தொட்டிகளில் இருக்கின்றன. மாடிச் சாவி சௌசனிடம் இருக்கிறது. அபூ ராயித்தின் முதுகுக்கு நர்ஸ் வந்து மருந்து போடுகிறாள். பார்க்கப் போனேன். அவருக்குப் பேச்சு வராது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்கு என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், போன செவ்வாய் தண்ணீர் வந்தது. ஆறு பேர் இருக்கும் மேல்வீட்டில் இன்று, சனிக்கிழமை, தொட்டி காலி. நீ, குழந்தை, உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், நான், பார்க்க வருகிறவர்கள் என்றால் நாமும் ஆறு பேர்தான். நான் குவளையில் சவரம் செய்வதால் இதில் ஒன்றும் மாறாது. ஐந்தாம் நாளிலிருந்து குழந்தையின் துணிக்குத் தண்ணீர் இருக்காது. நீ இர்பித்துக்குப் போ. உன் மாமியார் சொல்வதுதான் சரி.

உன் அறையின் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் கண் கூசவில்லை.

ஜவ்தத்


இர்பித்
8 அக்டோபர் 1999, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பிறந்த செய்தியைச் சௌசன் உங்களிடம் சொல்லியிருப்பாள். செப்டம்பர் ஒன்பது, வியாழன், விடியற்காலை. சிங்கம் இல்லை, நஜ்லா. அம்மாவின் பெயரை வைக்கலாம் என்று சொன்னது மர்வான். மூக்கு மட்டும் உங்களுடையது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிள்ளையைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். உம்மு ராயித்கூட முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்தார். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சீமைச்சோம்புக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழியையே பார்த்திருந்தேன். நீங்கள் வரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் என் மாமியார், "இவ மாமா ஒருத்தர் இருக்காரு, அவரு வந்தாத்தான் கிண்ணம் காலியாகும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும் கிணற்றில் வாளி இறங்கும்போதெல்லாம் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மாமியார் கயிற்றில் முடிச்சைப் பார்க்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் ஒலிவ மரத்துக்குப் போகிறது. உங்கள் சட்டத்தைச் சொன்னேன், நாலு வேலை. "மூணுதான் இங்க பாக்குது, நாலாவது என்ன?" என்று உண்மையாகவே கேட்டார். அந்த நோட்டுப் புத்தகப் பொறியாளர் இவர்தான் போலிருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தை மாமியாரிடம் படித்துக் காட்டவில்லை. முதல் சொல்லை மட்டும் சொன்னேன்: நான்கு. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "நாப்பதாம் நாள் குளிக்க அங்க போறேன்னு நீ கேட்டா நான் தடுக்க மாட்டேன்" என்றார். நான் கேட்கவே இல்லை, மாமா. அவராகச் சொன்னது.

நாற்பதாம் நாள் அக்டோபர் பத்தொன்பது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை. காலையிலேயே வந்துவிடுவோம். எனக்கும் நஜ்லாவுக்கும் முதல் கிண்ணம் உம்மு ராயித் ஊற்றுவார். அவரே கேட்டு வாங்கிய உரிமை. ஒரே நிபந்தனை, ஊற்றி முடிக்கும்வரை ஜவ்தத் வாயைத் திறக்கக் கூடாதாம். அதற்குப் பிறகு மேலே போய் அபூ ராயித்துக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும். நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பினாலும் நின்றுகொண்டிருங்கள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முந்தின நாளே ஒரு கேன் நிரப்பி வையுங்கள். நம் தொட்டியிலிருந்து.

ஒன்று போதும், மாமா. ஒன்று என்றால் ஒன்று.

உங்கள்
ரிஹாப்